இறங்காத முள்

பட்டுத் தறியில் பூ வேலைக்கான ஜக்கார்டுப் பெட்டிகளின் தூசியை ஊத அருணகிரி வீட்டுப் பட்டறையில் வைத்திருந்த ஏர் கம்ப்ரசர் ஒரு வாரமாகப் பேஜார் பண்ணியது. எவ்வளவு காற்று நிரப்பினாலும் ஒரு மணி நேரத்தில் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். முள்ளிப்பட்டிலிருந்து வந்த மூன்று பெட்டிகள் காத்துக் கிடந்தன. அங்கே முகூர்த்தப் புடவைகள் தறியில் பாதியில் நின்றன.

சோப்புத் தண்ணீர் தடவியதில் குழாய் மூட்டில் குமிழி கிளம்பியது. சுற்றுவதற்கு டேப் இல்லை. மனைவி சுபலட்சுமி பாவில் மிஞ்சிய பட்டிழையை நீட்டினாள். மரையில் அதைச் சுற்றி முடுக்கினார். எண்பது வரை காற்றேற்றி, பிளக்கைப் பிடுங்கி அலமாரி மேல் போட்டுவிட்டுப் படுத்தார்.

காலையில் முள் நூற்றிருபதில் நின்றது. பிளக் அலமாரி மேலேயே கிடந்தது.

"என்னாங்க இது, தானா ஏறிக்கீது?" என்றாள் சுபலட்சுமி.

"எறங்கல இல்ல? அத்தோட வுடு," என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் முகத்தில் சிரிப்பு வந்தது.

மூன்று பெட்டிகளையும் மதியத்துக்குள் ஊதி முடித்தார். முள் நூற்றிருபதிலேயே நின்றது.

அந்த வருஷம் கரண்ட் இல்லாமல் ஊரே தவித்தது. அருணகிரியின் பட்டறையில் மட்டும் வேலை நிற்கவில்லை. ஆடி மாதம் பிளக்கில் சிலந்தி வலை கட்டியது. அவர் அதைக் கலைக்கவில்லை.