படுத்த கால்

செவ்வந்தியின் கட்டைவிரல் மாமியாரின் கெண்டைக்காலில் அப்படியே நின்றுவிட்டது.

சதை கெட்டியாக இருந்தது.

பொங்கலுக்கு முன்னால் வழுக்கி விழுந்து, மாசி முடியப்போகிற இந்த நாள்வரை கட்டிலைவிட்டு இறங்காத கால். எலும்பு முறியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியும், ஊன்ற முடியவில்லை என்று ஆதிலட்சுமி படுத்தவள்தான். துடைத்துவிட விடுவாள், அழுத்த விடமாட்டாள். தொட்டால் உயிர் போகிறதாம்.

கணவன் அரவிந்தன்தான் இன்று பிடிவாதமாகச் சொன்னான்.

“மசாஜ் படிச்சவ வூட்லயே கீறே. எண்ண போட்டு நீவி உடு. அம்மா எழுந்துட்டா நீயும் வேலைக்குப் போவலாம் இல்ல?”

படுத்தே கிடக்கும் கால் சூம்பிப்போயிருக்க வேண்டும். அழுத்தினால் தளர்ந்த மாவு மாதிரி விரலுக்கு வழிவிட வேண்டும். காஞ்சிபுரத்துப் பயிற்சி வகுப்பில் கண்ணைக் கட்டிவிட்டு அதைப் பழக்கியிருந்தார்கள். கண் ஏமாறும், விரல் ஏமாறாதாம்.

“இன்னாடி நின்னுட்டே? கை வலிக்குதா மகாராணிக்கு? அங்க ஊர் பேர் தெரியாதவளுக்கெல்லாம் முதுகு நீவி உட்டியே, அப்ப வலிக்கலயா?”

செவ்வந்தி மற்றக் காலையும் அழுத்திப் பார்த்தாள். அதுவும் நடக்கிற கால்தான்.

அவள் கடைக்குப் போனபோதெல்லாம் இந்தக் கால்கள் வீட்டுக்குள் நடமாடியிருக்கின்றன.

மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு ஆயுர்வேத விடுதியில் அவளுக்கு வேலை. வாரமெல்லாம் அங்கேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் உத்திரமேரூர். அத்தை விழுந்த சேதி கேட்டு லீவு போட்டு வந்தவள், நீட்டிக்கொண்டே போய்விட்டாள். திங்கட்கிழமை வரவில்லையென்றால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாக விடுதி மேடம் நேற்று சொல்லிவிட்டார்.

செவ்வந்தி எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

“நீங்க நடக்கிறீங்க அத்த.”

ஆதிலட்சுமி தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். அங்கே அரவிந்தன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“அவங்கிட்ட சொல்லிடாதடி.”

“ஏன்? நான் வேலைக்குப் போவக் கூடாது, அதானே?”

“போவத்தான் வோணும். ஆனா நீ போயிட்டா, வாரமெல்லாம் இந்த வூட்டுல நானும் அவனுந்தான்.”

“அவுரு இன்னா பண்ணாரு? என்னை ஒரு வார்த்த சொன்னதில்லயே.”

“நீ கீற வரைக்கும் அவன் நல்லவன்தான்.”

எண்ணெய்க் கையோடு சேர்த்து அவள் மணிக்கட்டைக் கிழவி இறுக்கிப் பிடித்தாள்.

“நான் வழுக்கி வுழலடி.”

வாசலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

அரவிந்தன் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். வழக்கமான சிரிப்பு.

“இன்னா சொல்லுது அம்மா கால்? திங்கக்கெயம கெளம்பலாமா நீ?”

செவ்வந்தி புடவையை இழுத்து அந்தக் கால்களை மூடினாள்.

“எங்கங்க? கால்ல உசுரே இல்ல.”