சாயும் வீடு

அன்று காலை என் கணவர் ஆல்பன் கொண்டுவந்த தேநீரில் பாதி கோப்பைத்தட்டில் சிந்திக் கிடந்தது.

"தரை மறுபடியும் இடப்பக்கம் இறங்கியிருக்கு, ஹெஸ்டர். எல்லாம் அந்தக் கிரிம்வுட் வேலை."

பக்கத்து வீட்டுக் கிரிம்வுட் நீச்சல்குளம் தோண்டுவதால்தான் எங்கள் நானூறு வருட ஓக் மரச்சட்ட வீடு சாய்கிறது என்று நானும் நம்பினேன். வீடு போனால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

வேலிக்கு அப்பால் நின்று கிரிம்வுட் சிரித்தார். "பிறந்ததுலேருந்தே கோணலா நிக்கிற வீடு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

ஒரு மாதம் அவரோடு பேச்சை நிறுத்தினோம். பிறகு, பழைய வீடுகளைச் சோதிக்கும் தர்லோ என்ற பெண்ணை வரவழைத்தோம். அவள் சுவரின் செங்குத்தைப் பார்க்கத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாள், மர ஆணிகளைத் தட்டினாள், வீடு வாங்கியபோது எடுத்த அளவுத்தாளோடு ஒப்பிட்டாள்.

"அந்த ஆள் கெடுத்ததைக் கண்டுபிடிச்சீங்களா?" என்றார் ஆல்பன், தூணைப் பிடித்தபடி.

"வீடு ஒரு நூல்கூட அசையலை, சார். படுக்கையறைத் தரைச் சரிவு அன்னைக்கும் ரெண்டு அங்குலம், இன்னைக்கும் ரெண்டு அங்குலம்."

ஆல்பன் உள்ளே போனபின் தர்லோ என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "எத்தனை நாளா அவர் இப்படி ஒருபக்கமா சாஞ்சு நடக்கிறார்?"

அந்தக் கோணல் வீட்டில் அதை நான் கவனிக்கவே இல்லை. ஆல்பனின் மூளையில் கட்டி. ஏழே வாரத்தில் போய்விட்டார்.

எங்கள் படுக்கையறைத் தரையின் சரிவு இன்றும் இரண்டு அங்குலம்தான்.