செவ்வாய்க்கிழமை ஜீப்

"நல்லா பாருங்க! இதுதான் நம்ம டெல்பர்ட்டோட லட்சணம்!"

வெர்னா கையை நீட்டினாள். மாவட்ட சபைச் சுவரில் அவள் வைத்த கேமரா பிடித்த படம் ஓடியது. விடியற்காலை. பள்ளத்தாக்கு வாசலில் ராத்திரிக்குப் பூட்டிய கேட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு ஜீப் உள்ளே போகிறது. பின்னால் நாலு நீல டிரம். ஓட்டுவது சாட்சாத் டெல்பர்ட்.

"போன செவ்வாய், அதுக்கு முந்தின செவ்வாய், அதுக்கும் முந்தின செவ்வாய். போகும்போது டிரம் தளும்புது. வரும்போது காலி. நாலு டிரம் பீர்!"

"ஒரே ஆளா குடிக்கிறான்?" பின்வரிசையில் ஒருவர் மரியாதையோடு கேட்டார்.

அரங்கமே சிரித்தது. டெல்பர்ட் தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். டூரிஸ்டுகளை ஜீப்பில் மலையேற்றிப் பிழைக்கிறவன். வெர்னா கேட்கிறபடி அந்தப் பள்ளத்தாக்கை வண்டிகளுக்கு மூடிவிட்டால் அவன் தொழிலுக்குப் பெரிய பூட்டு.

"சொல்றதுக்கு ஏதாவது இருக்கா டெல்பர்ட்? மூணு நிமிஷம் உண்டு," என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்லைங்க."

"எப்படி இருக்கும்?" என்றாள் வெர்னா.

வெர்னா லேசுப்பட்டவள் இல்லை. பல் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம், 'வலிக்கும்' என்று உண்மையைச் சொல்லிவிட்டே ஊசி போட்டவள். பொய் என்றால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். அரிசோனா பாலைவனத்தில் மொட்டையாக நிற்கும் அந்த மலையில் நாற்பத்தொரு முறுக்குக்கொம்பு ஆடுகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றுக்காக நாலு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவள்.

நாலுக்கு ஒன்று என்று ஓட்டு விழுந்தது. இனி அந்தப் பள்ளத்தாக்கில் சக்கரம் உருளக் கூடாது. விதிகள் பதினாலும் வெர்னா கைப்பட எழுதியவை. ஒன்பதாவது விதி: மனிதன் வைத்த பொருள் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால் அகற்றி, எழுத்தில் சபைக்குத் தெரிவிக்க வேண்டும்.

அதையும் அவளே செய்யக் கிளம்பினாள். அடுத்த செவ்வாய், விடியும்போதே சபை கொடுத்த சாவியால் கேட்டைத் திறந்து நடந்தாள். கையில் பெரிய குப்பைப் பை. டெல்பர்ட் குடித்துப் போட்ட பீர் கோப்பைகளைப் பொறுக்க வேண்டுமே.

இரண்டு மணி நேரம் நடந்தாள். ஒரு கோப்பைகூட இல்லை.

'கில்லாடிப் பயல், தடயமே இல்லாமக் குடிச்சிருக்கான்.'

பள்ளத்தாக்கின் கோடியில், சுனை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு தகரத் தொட்டி. அடியில் ஒரு சாண் தண்ணீர். சுற்றிலும் ஆட்டுக் குளம்புத் தடம்.

பின்னால் யாரோ மூச்சிரைத்தார்கள். டெல்பர்ட். முதுகில் ஒரு தண்ணீர் கேன்.

"சக்கரம் இல்ல வெர்னா. நடந்துதான் வந்தேன். கேஸ் போட்டுடாதே."

"என்னய்யா இது?"

"சுனை வத்தி ஆறு வருஷமாச்சு."

"போன ஜூலையிலகூட வந்து நாற்பத்தொண்ணு எண்ணினேனே! எல்லாம் தண்ணி குடிச்சுட்டிருந்துச்சே!"

"எங்கேயிருந்து எண்ணின?"

"எதிர்மலையிலிருந்து. கிட்ட வந்தா மிரளும்னு…"

"அதான் தொட்டி உன் கண்ணுல படல."

டெல்பர்ட் கேனைத் தொட்டியில் கவிழ்த்தான்.

"அந்த நாலு டிரம்…"

"பீர்னா நானே குடிச்சிருக்க மாட்டேனா?"

"ஏன்யா, சபையில வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே! ஊரே சிரிச்சுது!"

"சிரிச்சா சிரிக்கட்டும். ஓட்டு உன் பக்கம்னு போன மாசமே முடிவாயிடுச்சு. என் சவாரி எப்படியும் போச்சு. தொட்டியைப் பத்திச் சொன்னா அதையும் பிடுங்கிடுவாங்களே! ஒன்பதாவது விதின்னு ஒண்ணு இருக்காமே. எந்தப் புண்ணியவதி எழுதினாளோ."

தலைக்கு மேலே பாறை விளிம்பில் ஆடுகள் வரிசையாக வந்து நின்றன. மனிதர்கள் எப்போது தொலைவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தன.

"இந்த ஒரு கேன் எத்தனை நாளைக்கு வரும்?"

"நாளா? இந்த வெயில்ல சாயங்காலம் வரைக்கும் வந்தா அதிசயம்."

"ஜீப்ல வந்தா?"

"ஒரு வாரம் ஓடும். இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? கேட்டைச் சுத்திப் போற வழியிலும் பாறையைப் போட்டு அடைச்சுட்டீங்க. வாசல்ல உன் கேமரா வேற முழிச்சுட்டிருக்கு."

வெர்னா குப்பைப் பையை உதறி மடித்தாள். விறுவிறுவென்று இறங்கினாள். டெல்பர்ட் பின்னாலேயே ஓடினான்.

"வெர்னா! ஏம்மா, தொட்டியை விட்டுடும்மா! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. வாசலுக்கு வந்ததும் கேட் சாவியை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டாள்.

"அடுத்த செவ்வாய் ஆறு டிரம்மா கொண்டு வா. மேல வர்றப்ப மெதுவா ஓட்டு, ஆடு மிரளும்."

அன்று சாயங்காலமே வெர்னாவின் அறிக்கை சபைக்குப் போய்ச் சேர்ந்தது:

'விதி ஒன்பதின்படி பள்ளத்தாக்கு முழுவதும் தேடப்பட்டது. மனிதன் வைத்த பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு கேமரா. அகற்றப்பட்டது.'