ஆணி மட்டும்

டொக், டொக், டொக்.

சத்தம் அடங்குவதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் தேவநாதன் இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"என்னம்மா, ஆணியா?"

"இஞ்சி தட்டினேங்க, டீக்கு" என்றாள் பிரபாவதி.

அவர் நம்பவில்லை. எட்டிப் பார்த்து நாலு சுவரையும் ஒரு நோட்டம் விட்டார். அப்புறம்தான் முகம் தெளிந்தது.

"தப்பா நெனைக்காதம்மா. உங்க வூடு மாதிரி பொழங்குங்க. ஆணி மட்டும் அடிக்காதீங்க."

திண்டிவனத்தில் அந்தக் கீழ் போர்ஷனுக்குக் குடிவந்த நாளிலிருந்து கேட்கிற பல்லவி அது. மற்றபடி தேவநாதன் தங்கமான மனிதர். பிரம்மதேசத்து நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கினால் முதல் முறம் கடலை கீழ் வீட்டுக்குத்தான் வரும். சுவர் என்று வந்துவிட்டால் மட்டும் மனிதருக்கு ஈவிரக்கம் கிடையாது.

அதனால் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. முகம் பார்க்கும் கண்ணாடி பீரோ மேல் சாய்ந்து நின்றது. பிரபாவதியின் கல்யாண போட்டோ, பழைய புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

விழுப்புரத்து ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ. தென்னரசு இரவல் கோட்டில் விறைப்பாக நிற்பான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். அதைச் சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. இத்தனை வருஷத்தில் அதுகூட நடக்கவில்லை.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் இளவேனில் ஒருநாள் போனில் சொன்னாள்.

"அம்மா, இங்க வூடு வாங்கறோம். ரெண்டு மாடி. மேல நாம, கீழ வாடகைக்கு. நீயும் அப்பாவும் வந்து கொஞ்ச நாள் இருங்க."

"செவுரு எப்பிடி இருக்கும் வேனிலு?"

"செவுரா? செங்கல் செவுருதாம்மா."

"ஆணி எறங்குமா?"

அன்றிலிருந்து பிரபாவதி பாதி இங்கே, பாதி அங்கே என்றுதான் இருந்தாள். திண்டிவனத்து வெயில் ஜன்னலில் சுட்டெரிக்கும்போது அவள் கண்ணுக்கு மட்டும் தூறல் விழும். பார்க்காத வீட்டின் படிகளில் ஏறுவாள். கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் கல்யாண போட்டோ. பக்கத்தில் காலண்டர். அதற்கும் பக்கத்தில் மகளின் பட்டமளிப்பு போட்டோ. மாட்ட மாட்ட அந்தச் சுவர் நீண்டுகொண்டே போகும். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் ஊர் திரும்புவாள்.

"பேஜாரா போச்சு உன்னோட. உனக்கு வூடு வேணுமா, ஆணி வேணுமா?" என்று கேட்டான் தென்னரசு.

"நம்ம வூட்டு செவுத்துல நம்ம ஆணி. சொல்லிப் பாருங்களேன், வாயே இனிக்குது."

"கீழ குடி வர்றவங்க ஆணி அடிச்சா?"

"அடிக்கட்டுமே. அவங்களுக்கும் மனசு இருக்கு இல்ல? நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

வீட்டைக் காலி செய்த அன்று தேவநாதன் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு பொட்டு ஓட்டை இல்ல. உன்ன மாதிரி குடித்தனம் இனிமே எனக்குக் கெடைக்காதும்மா."

அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. வறுத்த மல்லாட்டை ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினார்.

அயர்லாந்தில், அவள் நினைத்த மாதிரியே தூறிக்கொண்டிருந்தது. படிகள் இருந்தன. கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவர் இருந்தது. பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது திண்டிவனத்துக் கடையில் வாங்கிய ஆணிதான்.

"இந்த ஊர்ல ஆணி விக்க மாட்டாங்களாம்மா?" என்று மகள் சிரித்தாள்.

பிரபாவதி தன் கையாலேயே அடித்தாள். ஒவ்வோர் அடியும் நெஞ்சுக்குள் இனித்தது. போட்டோவை மாட்டிவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தென்னரசுக்குத் தெரியவில்லை.

மறுவாரம் கீழ் வீட்டுக்குக் குடிவந்தார்கள். மகளோடு வேலை பார்க்கும் கலைப்பிரியாவும் அவள் கணவனும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். பெண்ணுக்கு விழுப்புரம் பக்கத்துக் காணை. புடவையில் சுற்றிய சட்டம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

"என்னம்மா அது?"

"கல்யாண போட்டோம்மா. ஒடையாம எடுத்துக்கினு வர்றதுக்குள்ள உயிரு போயிடுச்சு."

பிரபாவதிக்கு அந்தப் பெண்ணை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மேல போய் ஒக்காருங்கம்மா. டீ போட்டு எடுத்துக்கினு வர்றேன். இஞ்சி போட்டா குடிப்பீங்க இல்ல?" என்றாள் கலைப்பிரியா.

"இஞ்சி இல்லாம ஒரு டீயா" என்று சிரித்தபடி பிரபாவதி மாடிக்கு வந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே தூறல் நிற்கவில்லை. மங்கலான வெளிச்சம் போட்டோவின் மேல் விழுந்திருந்தது. இரவல் கோட்டில் தென்னரசு நின்றான். தன் வீட்டில், தன் சுவரின் எதிரே உட்கார்ந்து பார்த்தபடி இருந்ததில் பிரபாவதிக்குக் கண் சொக்கியது.

கீழேயிருந்து சத்தம் வந்தது.

டொக், டொக், டொக்.

அவள் விழிப்பதற்கு முன்னால் அவள் கால் செருப்பைத் தேடிவிட்டது. தடதடவென்று படி இறங்கிப் போய்க் கீழ் வீட்டு வாசலில் நின்றாள்.

"என்னம்மா, ஆணியா?"