எக்ஸ்பீரியன்ஸ் உண்டா?

"படுக்கையில இருக்கறவங்களப் பாத்துக்கறதுல எக்ஸ்பீரியன்ஸ் உண்டாம்மா?" என்று கேட்டாள் அந்த வீட்டு அம்மாள்.

அண்ணனோடு வந்திருந்தவள் தலையசைத்தாள். "எங்கம்மா ஆறு வருஷம் படுக்கையில இருந்தாங்க. நான்தான் பாத்துக்கிட்டேன்."

"புரட்டிப் படுக்க வைக்கிறது, டயப்பர் மாத்துறது?"

"எல்லாம்தான்."

"முதுகுல புண்ணு வந்துச்சா?"

"வர விடல."

"அப்படிப் போடு!" அம்மாளுக்கு வாயெல்லாம் பல். "எங்க வீட்டுக்காரர் பக்கவாதத்துல விழுந்ததுலேருந்து எத்தனையோ பேரு வந்துட்டு ஓடிட்டாளுங்க. இவ்வளவு எக்ஸ்பீரியன்ஸோட ஒருத்தி, வலை போட்டுத் தேடினாலும் கிடைக்க மாட்டா. அடிக்கடி அண்ணன் வீட்டுக்குப் போகணும்னு நிக்க மாட்டியே?"

அவளுக்கு முகம் சிவந்தது. "எங்கம்மா போய் மூணு மாசம்தான் ஆகுது. இன்னும் அவங்க கூப்பிடற மாதிரியே இருக்கு, தூக்கத்துல எழுந்து ஓடறேன். அதுவும் எக்ஸ்பீரியன்ஸ்தானா?"

அம்மாள் அதைக் காதில் வாங்கவே இல்லை. உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"டேய், வந்து பொண்ணைப் பாரு! எனக்குப் பிடிச்சுப் போச்சு. கல்யாணத்தை அடுத்த மாசமே வச்சுக்கலாம்."

அவள் விருட்டென்று எழுந்தாள். காபிக் கோப்பை மேசையில் உருண்டது.

"சம்பந்தம் பேசக் கூப்பிட்டுட்டு, சம்பளம் குடுக்க மனசில்லாம மகனைக் குடுக்கறீங்களா?"

"என்ன பேச்சு பேசறா இவ!" என்று அம்மாள் அண்ணனிடம் பாய்ந்தாள்.

அண்ணன் எழுந்தான். தங்கைக்கு முன்னால் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்தான்.