கிடங்கில் யாரும் கத்துவதில்லை

ஒரகடத்துச் சரக்குக் கிடங்கில் யாரும் யாரையும் திட்டிக் கேட்டதாக மனோன்மணிக்கு நினைவில்லை. அவள் அங்கே மேற்பார்வையாளர். வேலைக்கு வருகிற எல்லோரும் காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர் எவ்வளவு ஆத்திரத்தில் கத்தினாலும், அது வெளிச் சத்தத்தை அடைத்துவிட்டு, அந்தப் பேச்சை இதமாக்கித்தான் காதுக்குள் அனுப்பும். சண்டை வராமலிருக்க நிர்வாகம் செய்த ஏற்பாடு அது.

அன்று மத்தியானம், பெட்டி அடுக்கும் அருளப்பன் அவள் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், முடிஞ்சா கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா?" என்று அவள் காதில் பணிவாகக் கேட்டது. அவர் முகம் மட்டும் ஏனோ சிவந்து கிடந்தது.

"இந்த லோடு போகட்டும்ணே, அப்புறம் பாக்கலாம்" என்று சிரித்துவிட்டுத் திரும்பினாள்.

அவர் கையிலிருந்த இரும்புக் கம்பி அவள் தோளில் இறங்கியது.

விழுந்த வேகத்தில் காதுக் கருவி தெறித்துப் போனது. அப்போதுதான் அந்தக் கூடத்தின் உண்மையான சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் விழுந்ததைக் கூடக் கவனிக்காமல், வரிசைக்கு வரிசை ஆட்கள் கத்திக்கொண்டே வேலை செய்தார்கள். ஒரு பெண் பெட்டியைத் தூக்கியபடியே ஓவென்று அழுதாள்.

காவலாளிகள் அருளப்பனைத் தரையோடு அமுக்கினார்கள். "கால் மரத்துப்போச்சு, நிக்க முடியலன்னு எத்தன தடவ சொல்றது!" என்று அவர் தொண்டை கிழிய அலறினார்.

மனோன்மணிக்குத் தோள் வலி மறந்துபோனது.

"எப்பலேருந்துண்ணே இப்படிக் கத்துறீங்க?"

"தெனமுந்தான் மேடம். நீங்கதான் சிரிச்சுக்கிட்டே போயிடுவீங்க."