ஊசி நுழையாத தரை

பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கத் தரையில் கடைசிப் பலகை இறங்குகிறது. தச்சர் மரச்சுத்தியால் தட்டத் தட்ட, அது முனகிக்கொண்டே போய் உட்காருகிறது. வண்டிக்குச் சொந்தக்காரியான அவருடைய அக்கா, வார்னிஷ் மின்னும் தரையை உள்ளங்கையால் தடவுகிறாள். "ஊசி நுழைய இடமில்லடா தம்பி! என்ன கைடா உனக்கு!" தச்சர் பலகைகளின் இணைப்பை உற்றுப் பார்க்கிறார். நனைந்தால் மரம் ஊதும்; ஊத இடமில்லாவிட்டால் பலகைகள் ஒன்றையொன்று நெட்டி மேலே கிளம்பிவிடும். பலகைக்குப் பலகை காசு கனத்துக்கு இடைவெளி விட்டிருக்க வேண்டும். அவள் அவசரப்படுத்தியதில் மறந்தேபோனார். "இன்னைக்கு வண்டிய எடுக்காதக்கா." "போடா, மழைக்கு முன்னாடி லோடு ஏத்தணும்." அவள் கையில் சாவி குலுங்குகிறது. பட்டறையின் தகரக் கூரையில் ஒரு துளி விழுகிறது, பிறகு இன்னொன்று. தச்சர் குனிந்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே நகத்தை நுழைக்கப் பார்க்கிறார். நுழையவில்லை.